மஞ்சளா இருந்தாத்தான் வெல்லம்

இப்படி உக்காருங்க தம்பி. சன்னல் பக்கம் வேணுமுன்னா நீங்களே வெச்சுக்குங்க, எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான். நாமக்கல்லுதானுங்களே? நானும் அங்கதான். கலெக்டர் ஆபீஸுக்கு. விசாரணைங்க.

அடிதடி, திருட்டுன்னு நெனச்சுப்போடாதீங்க. வெல்லமுங்க. வெல்லம் காச்சுனதுக்கு விசாரணை. கேட்டா சிரிப்பீங்க. எம்பட பேரு செங்கோடன். நம்மகிட்ட கரும்பாலைக் கொட்டாய் இருக்குது. நம்ம காட்டுக் கரும்பு, அக்கம்பக்கத்துக் காட்டுக் கரும்பு எல்லாம் வாங்கி ஆட்டி, பாலைக் கொப்பரையில காச்சி, உருண்டை புடிச்சு மண்டிக்கு அனுப்பறது. எங்கப்பன் காலத்துல இருந்து இதுதான் தொழில்.

இந்த வெல்லத்துல ஒரு சங்கதி இருக்குதுங்க. கரும்புப்பாலைச் சும்மா காச்சுனா வெல்லம் கறுப்பாத்தான் வரும். செம்பழுப்பு. மண்டியில அதை ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான். மஞ்சளா, பொன்னு மாதிரி இருந்தாத்தான் ஏலத்துல கை நீளும். பொங்கலுக்குப் பட்டணத்துக்காரங்க அதைத்தான் கேக்கறாங்க. நாங்களா கேக்கச் சொன்னோம்? அதுக்குன்னு ஒரு மருந்து இருக்குது. வெள்ளைப் பொடி. பாகு கொதிக்கறப்ப ஒரு கை அள்ளிப் போட்டா நிறம் அப்படியே வெளுத்து வரும். கூடக் கொஞ்சம் சீனி. எல்லாக் கொட்டாய்லயும் போடறதுதானுங்க. நான் மட்டும் புதுசாக் கண்டுபுடிச்சுப் போடலை.

போடறப்ப ஒரு புகை வரும். தீக்குச்சி உரசுனா மூக்குல ஏறுமே, அந்த வாடை. நான் அப்பல்லாம் வெளிய வந்து வேப்பமரத்தடியில நின்னுக்குவேன். எனக்கு ஒத்துக்காது. சடையன் பாத்துக்குவான். சடையன்னா நம்ம கொட்டாய்ல கொப்பரைக்கு நிக்கறவன். அவனும் அவன் சம்சாரம் ரங்காயியும் கொட்டாய்லயேதான் குடியிருந்தாங்க. நல்ல மனுசன். வாய் தொறந்து ஒரு வார்த்தை பேச மாட்டான். இருமல்தான் ஓயாது. நாம யாராச்சும் வந்து உக்காந்து நல்லது கெட்டது பேசிட்டிருப்போம், உள்ளார இருந்து இருமிக்கிட்டே இருப்பான். பேச்சே ஓடாது.

வீட்டுக்குங்களா? வீட்டுக்கு நாங்க தனியா ஒரு கொப்பரை காச்சிக்குவோம். மருந்து கிருந்து எதுவும் போடாம. சம்சாரம் பாவாயிக்கு அதுதான் புடிக்கும். மக சுகந்திக்கும் அதுதான். விக்கறது வேற, திங்கறது வேறதானுங்களே.

போன வருசம் புதுசா ஒரு ஆபீசரம்மா வந்தாங்க. உணவுப் பாதுகாப்பு. சின்ன வயசு. எங்க ஆலைக்காரங்க எல்லாரையும் கல்யாண மண்டபத்துக்குக் கூப்புட்டுக் கூட்டம் போட்டாங்க. டீ, பிஸ்கட் எல்லாம் குடுத்தாங்க, அதுல கொறை சொல்ல மாட்டேன். இனிமே மருந்து போடக் கூடாது, சீனி கலக்கக் கூடாது, லைசென்ஸைக் கொட்டாய்ல மாட்டி வெக்கோணும், மூட்டை கட்டுற சிப்பத்து மேல பேரும் தேதியும் ஒட்டோணும். மீறுனா வெல்லத்தை அள்ளிட்டுப் போயிருவோம், கேசு போடுவோம். ஊர்ல எங்கயாச்சும் மருந்து போடறது தெரிஞ்சா இந்த நம்பருக்குச் சொல்லுங்கன்னு ரேசன் கடைச் செவுத்துல பெருசு பெருசா எழுதியும் வெச்சுட்டாங்க.

நான் எந்திரிச்சுக் கேட்டனுங்க. "அம்மா, நாங்க நிறுத்திக்கறோம். கறுப்பு வெல்லத்தை யாரு வாங்குவா, அதைச் சொல்லுங்க"ன்னு. மண்டபமே கை தட்டுச்சு. அந்தம்மா, "ஜனங்களுக்கும் எடுத்துச் சொல்றோம், கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க"ன்னாங்க. பொறுத்துக்கறது யாருங்க? அவங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம்.

எல்லாரும் நிறுத்துனோம். நானும் நிறுத்துனேன், பொய் சொல்லலை. மண்டிக்கு ஏத்திட்டுப் போனா, அய்யாவு, அவருதான் எங்க வெல்லத்தை எடுக்கற வியாபாரி, உருண்டையைக் கையில எடுத்துப் பாத்துட்டுக் கீழ வெச்சுட்டாரு. "செங்கோடா, இதை மாட்டுக்குக் கரைச்சு வெய்யி"ன்னாரு. அத்தனை பேரு முன்னால. பாதி வெலைக்குத்தான் போச்சு. அடுத்த வாரமும் அப்படியே. அதுக்கடுத்த வாரம் பாத்தா, நம்ம பக்கத்து ஆளுங்க சிப்பத்துல மறுபடி மஞ்சள் எட்டிப் பாக்குது. அப்பறம் நான் மட்டும் என்ன பண்றதுங்க? மக கல்யாணம் வேற பேசி முடிச்சிருந்தோம்.

மருந்து டப்பாவைத் தவிட்டு மூட்டைக்குப் பின்னால, சோளத்தட்டுப் போர் ஓரமா மறைச்சு வெச்சுக்கிட்டோம். எனக்கும் பாவாயிக்கும் சடையனுக்கும்தான் எடம் தெரியும்.

எம்பட மச்சினன் ஒருத்தன் இருக்கறான். நல்லதம்பி. பாவாயிக்கு நேர் எளையவன். அவனும் ஆலைக்காரன்தான், சின்னக் கொட்டாய். அவன் மட்டும் நிறுத்துனவன் நிறுத்துனவந்தான். கறுப்பு வெல்லத்தை வெச்சுக்கிட்டு ஈரோடு, கரூருன்னு கடை கடையாச் சுத்துனான். பைக்குல ரெண்டு பக்கமும் பையைக் கட்டிக்கிட்டு. பாக்கப் பரிதாபமா இருக்கும். "மாப்ள, ஆலைக்காரனாப் பொறந்துட்டு ஐஸ் விக்கறவனாட்டம் ஆயிட்டியே"ன்னு நாலு பேரு இருக்கறப்ப சொல்லிச் சிரிச்சேன். அவனும் சிரிச்சான். ஆனா மனசுல வெச்சுக்கிட்டான் பாருங்க. அப்படித்தான் நான் நெனச்சேன். இன்னமும் அப்படித்தான் நெனைக்கறேன்.

தை பொறக்கறதுக்கு முன்னால, கொட்டாய்ல ராப்பகலா வேலை. ஒருநா மத்தியானம் சடையன் கொப்பரைகிட்டயே சாஞ்சுட்டான். நல்ல வேளை, பாகுல விழுகலை. பாவாயிதான் சத்தம் கேட்டு ஓடிப்போய் இழுத்துப் போட்டுருக்கறா. மூச்சு விட முடியலை, மூஞ்சி நீலம் பாரிச்சுப் போச்சு. நான் மண்டியில இருந்தேன். இவ தம்பிக்குப் போன் அடிச்சு, அவன் வந்து பைக்குல நடுவுல உக்கார வெச்சு, பின்னால ரங்காயி தாங்கிக்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கறாங்க.

நானும் சாயங்காலம் போய்ப் பாத்தேன். பழம் வாங்கிட்டுத்தான் போனேன். டாக்டரு, "என்ன வேலை பாக்கறாரு? புகையில நிக்கறாரா?"ன்னாரு. "பீடி குடிப்பானுங்க"ன்னு சொன்னேன். ரங்காயி பக்கத்துல இருந்துக்கிட்டு, "எம்பட வூட்டுக்காரரு பீடியைத் தொட்டதில்லீங்க"ன்னா. எனக்கென்னங்க தெரியும்? கூலிக்காரங்க குடிப்பாங்கன்னு ஒரு நெனப்புத்தான்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் பாவாயி சொன்னா. "இனி அந்தப் பொடி வேண்டாங்க. அந்தாளு செத்திருப்பான்." நான், "பொங்கல் போகட்டும்"னேன். "பொங்கலுக்குள்ள செத்துட்டா?"ன்னா. பொம்பளைங்க அப்படித்தான் பேசுவாங்க. முன்னயும் நாலஞ்சு தடவை சொல்லியிருக்கறா. நான் காதுல போட்டுக்கலை. வேற ஒரு ஆளைக் கொப்பரைக்குப் போட்டு, பொடியை மட்டும் நானே எடுத்துக் குடுத்து வேலையை ஓட்டுனேன்.

அப்பத்தான் ஜீப் வந்துச்சுங்க.

வந்தவங்க அங்க இங்க தேடலை. தவிட்டு மூட்டையை நகத்துனாங்க, டப்பாவை எடுத்தாங்க. அவ்வளவுதான். தன் வூட்டு அடுப்படியில உப்பு டப்பாவை எடுக்கற மாதிரி. உருண்டை புடிச்சு வெச்சிருந்த அத்தனையும் சிப்பம் சிப்பமா லாரியில ஏத்துனாங்க. பொங்கல் சரக்குங்க, அது பூராவும். அந்த ஆபீசரம்மா உள் ரூமுக்கு வந்து, வீட்டுக்குன்னு பானையில வெச்சிருந்த கறுப்பு வெல்லத்தைப் பாத்துட்டு, ஒரு துண்டை ஒடைச்சு வாயில போட்டாங்க. "இவ்வளவு நல்லாக் காச்சத் தெரிஞ்சவரு, இதையே விக்கலாமே"ன்னாங்க. என்னத்தைச் சொல்றது. தொழில் தெரியாதவங்ககிட்ட.

ஊரே கொட்டாய் முன்னால நின்னு பாத்துச்சு. பாவாயியும் நின்னா. அழுகலை. முந்தானையைக் கையில புடிச்சுக்கிட்டு நின்னா. எனக்குத்தான் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

யாரு சொல்லியிருப்பாங்கன்னு யோசிச்சேன். டப்பா இருக்கற எடம் மூணு பேருக்குத்தான் தெரியும். நான் சொல்லுவனா? பாவாயி எம்பட சம்சாரம். சடையன் ஆஸ்பத்திரியில கெடக்கறான். ஆனா அவனைப் பைக்குல கூட்டிட்டுப் போனது யாரு? நல்லதம்பி. வழியில அவன் வாயைப் புடுங்கியிருக்கறான். கணக்கு நேரா வருதுங்களா இல்லீங்களா? எனக்கு அப்பவே பளிச்சுன்னு பட்டுருச்சு.

நேராப் போய் அவன் வாசல்ல நின்னு, "எம்பட வயித்துல அடிச்சுட்டியே. இனி உனக்கும் எனக்கும் ஒட்டுமில்லை ஒறவுமில்லை"ன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன். அவன், "மச்சான், நான் எதுவும் பண்ணலை, உக்காந்து பேசுங்க"ன்னான். எவன் ஒத்துக்குவான்?

மாசியில மக கல்யாணமுங்க. எங்க பக்கம் தாய்மாமன் இல்லாம எதுவும் ஆகாது. சீர் செய்யறது, பொண்ணைக் கையைப் புடிச்சு மேடைக்குக் கூட்டிட்டு வர்றது எல்லாம் அவந்தான். நான் அவனுக்குப் பத்திரிகை வெக்க மாட்டேன்னுட்டேன். பாவாயி, "எனக்கு இருக்கறது ஒரே தம்பி"ன்னா. "உன்ற பெரியப்பன் மகன் இருக்கறான்ல, அவன் செய்யட்டும்"னேன். சுகந்தி அழுதா. அது சின்னப் புள்ளை, ரெண்டு நாள் அழுதா மறந்துரும். நல்லதம்பி சேலை எடுத்து ஆள்கிட்டக் குடுத்தனுப்புனான். நான் திருப்பி அனுப்பிச்சுட்டேன்.

கல்யாணம் நல்லபடியா நடந்துச்சுங்க. நல்ல கூட்டம். மண்டபத்துக்கு எதுத்தாப்புல ஒரு பஞ்சர் கடை. அங்க நல்லதம்பி வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு நின்னுட்டிருந்தான். பொண்ணு மாப்பிள்ளை கார்ல ஏறுற வரைக்கும் நின்னான். உள்ள வரலை. வரச் சொல்லி நானும் கூப்புடலை. பாவாயி கார் கதவைப் புடிச்சுக்கிட்டு, மகளைப் பாக்கறதை விட்டுப்போட்டு அவனையே பாத்துட்டிருந்தா.

ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் கெளம்பிப் போன பின்னால, பாவாயி காலையில எனக்கு இட்லி வெச்சுட்டு, எதுத்தாப்புலயே உக்காந்தா. உக்கார மாட்டா எப்பவும். "அந்த ஆபீசுக்குப் போன் பண்ணுனது நாந்தான்"னா.

நான் சிரிச்சுட்டேனுங்க.

"எம்பட தம்பி பண்ணலை. நான் பண்ணுனேன். டப்பா எங்க இருக்குதுன்னு நாந்தான் சொன்னேன். மறுநா ஆஸ்பத்திரிக்குப் போய், சடையன் கண்ணு சொருகுனதைப் பாத்துட்டு வந்து பண்ணுனேன். கல்யாணம் முடியட்டும்னு பொறுத்திருந்தேன். மக கல்யாணம் நின்னுருமோன்னு பயம். அந்தப் பயத்துல தம்பியை நடு ரோட்டுல நிக்க வெச்சுட்டேன்."

பாத்தீங்களா, பொம்பளை மனசு. தம்பியைக் காப்பாத்தறதுக்கு எந்தப் பழியையும் தன் தலையில போட்டுக்குவா. எனக்குக் கோவமே வரலை, பாவமாத்தான் இருந்துச்சு. அவளுக்கு எழுத்துப் படிக்கத் தெரியாதுங்க. செவுத்துல என்ன எழுதியிருக்குதுன்னே தெரியாது. நம்பர் தெரியும். கேஸ் சிலிண்டர் புக் பண்றது, மகளுக்குப் போன் அடிக்கறது எல்லாம் அவளேதான். அது வேற. ஆனா ஆபீசரைக் கூப்புட்டுப் பேசறதுக்கு ஒரு தைரியம் வேணுமுங்களே. எங்கூட இத்தனை வருசம் குடும்பம் நடத்துனவ. எனக்குத் தெரியாதா?

"சரி சரி, தம்பிக்காகச் சொல்றே, புரியுது"ன்னேன். "உங்களுக்கு நெசத்தைச் சொன்னாலும் கேக்காது"ன்னுட்டு எந்திரிச்சா. ரெண்டு சேலையைப் பையில வெச்சுக்கிட்டுத் தம்பி வூட்டுக்குப் போயிட்டா. சடையனும் ரங்காயியும் முன்னமே அங்கதான் போயிட்டாங்க. லேசான வேலை குடுத்திருக்கறானாம் நல்லதம்பி.

அப்பறம் விசாரணைக்கு நோட்டீஸ் வந்துச்சு. அய்யாவுதான் யோசனை சொன்னாரு. "மருந்து போட்டது சடையன். எனக்குத் தெரியாம, வேலை சுளுவா முடியறதுக்குப் போட்டிருக்கறான். அப்படிச் சொல்லிரு. கூலிக்காரனை என்ன பண்ணிருவாங்க? திட்டி அனுப்பிருவாங்க"ன்னாரு. நியாயமாத்தான் பட்டுச்சு. போட்டது அவன் கைதானே? நான் ஒரு தடவை கூடப் போட்டதில்லீங்களே. வெளியதான் நிப்பேன்.

நேத்து நல்லதம்பி கொட்டாய்க்கே போனேன். எத்தனை நாளைக்கு மனுசன் தனியாச் சோறு பொங்கித் திங்கறது. வீடு வெறிச்சோன்னு கெடக்குதுங்க. சுகந்தி போன் பண்ணுனா, "அம்மா எங்கப்பா?"ங்கறா. என்னத்தைச் சொல்ல. போனா, கொட்டாய்ல கறுப்பு வெல்லம் அடுக்கி வெச்சிருக்கறாங்க. ஓரளவு போகுதாம் இப்ப. பாவாயி உருண்டை புடிச்சுட்டிருந்தா. நல்லதம்பி ஓடியாந்து, "வாங்க மச்சான்"னு கயித்துக் கட்டிலைப் போட்டான். ஒண்ணுமே நடக்காத மாதிரி.

நான் தாராளமாப் பேசுனேன். "மாப்ள, நடந்தது நடந்து போச்சு. நாந்தான் போன் பண்ணுனேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. இந்த நிமிசமே மறந்துடறேன். உங்கக்காளைக் கூட்டிட்டுப் போறேன். சுகந்தி மறுவீட்டு விருந்துக்கு நீயே முன்னால நில்லு"ன்னேன்.

அவன் அக்காளைப் பாத்தான். அவ தலை தூக்கலை. அவன், "ஆமாங்க மச்சான். நாந்தான் பண்ணுனேன். மன்னிச்சுருங்க"ன்னான்.

ஒத்துக்கிட்டானுங்க! அவன் வாயாலயே. நான் எந்திரிச்சு அவன் தோள்ல கை போட்டேன். மனசு அப்படியே லேசாப் போச்சு. "போதும் மாப்ள, இதுக்கு மேல பேச வேண்டாம்"னேன்.

பாவாயி கையில இருந்த உருண்டையை வெச்சுட்டு வந்தா. தம்பியைப் பாத்து, "எனக்காக நீ பொய் சொல்ல வேண்டாம் சாமி"ன்னா. அப்பறம் எம்பக்கம் திரும்பி, "நாளைக்கு ஆபீஸ்ல என்ன சொல்லப் போறீங்க?"ன்னா.

அய்யாவு சொன்னதைச் சொன்னேன். மறைக்கறதுக்கு என்ன இருக்குது? சடையன் அங்கதான் அடுப்போரமா உக்காந்து சருகு அள்ளிட்டிருந்தான். எந்திரிச்சு நின்னான். இருமுனான். "உனக்கு ஒண்ணும் ஆகாதுடா, நான் பாத்துக்கறேன்"னு சொன்னேன். ரங்காயிதான் வாயில சேலையை வெச்சுக்கிட்டு உள்ள போயிட்டா.

பாவாயி, "நானும் வர்றேன் நாளைக்கு"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

எனக்கு ரொம்பச் சந்தோசமுங்க. எங்கூடத் துணைக்கு வர்றான்னு நெனச்சேன். காலையில குளிச்சு வெள்ளை வேட்டி கட்டி, நம்மூரு ஸ்டாப்புல முன்னமே வந்து நின்னேன். ரெண்டு பஸ்ஸை விட்டேன். அவ வரலை. போன் அடிச்சாலும் எடுக்கலை. சரி, நேரமாச்சுன்னு இதுல ஏறிட்டேன்.

நீங்களே சொல்லுங்க தம்பி. அவன் ஒத்துக்கிட்டான். நான் மன்னிச்சுட்டேன். இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன பண்றது? அப்பறமும் ஏன் வீட்டுக்கு வர மாட்டேங்கறா? ராத்திரியெல்லாம் இதையே ஓட்டிப் பாத்துட்டுக் கெடந்தேன். எங்கயோ ஒண்ணு இடிக்குது. என்னன்னுதான் தெரியலை.

இது என்ன ஸ்டாப்பு? நல்லதம்பி ஊருதானுங்க. ஏன் நிறுத்தறான்?

தம்பி, அந்த முன்வாசல்ல ஏறுறது… பச்சைச் சேலை. பாவாயிதானுங்க அது. எம்பட சம்சாரம். பாத்தீங்களா, வருவான்னு சொன்னனில்ல. நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்குங்க. இங்க வந்து உக்காரட்டும்.

பாவாயி. இங்க எடம் இருக்குது, இங்க வா.

பாத்துட்டா. என்னையப் பாத்துட்டா.

பின்னால யாரு? ரங்காயியா? சடையனைக் கையைப் புடிச்சு ஏத்தறாங்க. மூச்சு வாங்குது அவனுக்கு. பாவாயி எடம் கேக்கறா அவனுக்கு. அந்தப் பையன் எந்திரிச்சுக் குடுத்துட்டான். அவ நின்னுக்கறா. கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னுக்கறா பாருங்க, இங்க இவ்வளவு எடம் இருக்கையில.

தம்பி, விசாரணைன்னா மொதல்ல யாரைக் கூப்புடுவாங்க? என்னையத்தானுங்களே? நோட்டீஸ் எம்பேருக்குத்தானே வந்துச்சு.

என்ன சொல்லோணும், எப்படிச் சொல்லோணும்னு எல்லாம் வரிசையா வெச்சிருந்தேன் மனசுல. இப்பப் பாருங்க, ஒரு வார்த்தை வர மாட்டேங்குது.